கப்பல் ஏன் தூணை நோக்கித் திரும்பியது?

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த கேள்வி இது: "அமெரிக்காவின் பால்டிமோர் பாலம் விழுந்த காணொளி எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் மறுபடியும் சுற்றுகிறது. விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது, கப்பல் சட்டென்று தூணைப் பார்த்துத் திரும்புகிறது. இது திட்டமிட்ட சதி என்கிறார்கள் சிலர். கப்பலில் இருந்தவர்கள் இந்தியர்கள், ஓட்டத் தெரியாமல் இடித்துவிட்டார்கள் என்கிறார்கள் சிலர். அக்கா மகன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டுக் கப்பல் என்ஜினியர் படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறான், வீட்டில் பயப்படுகிறார்கள். இங்கே பாதிப் பேர் பினாங்கின் இரண்டாவது பாலம் ஏறித்தான் தினமும் தீவுக்கு வேலைக்குப் போகிறோம். உண்மையில் என்ன நடந்தது? இங்கேயும் நடக்குமா?"

அண்ணா, டாலி என்ற கொள்கலன் கப்பல் 2024இல் பால்டிமோர் பாலத்தின் தூணில் மோதியது சதியும் இல்லை, ஓட்டத் தெரியாத குறையும் இல்லை. மின்சாரப் பெட்டிக்குள் ஒரு மெல்லிய கம்பி அதன் முனையத்தில் முழுசாக உட்காராமல் இருந்தது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஏறக்குறைய இருபது மாதம் தேடி, 2025 நவம்பர் 18 அன்று அறிவித்த முடிவு அது. இருபது மாதம் பிடித்த காரணம், கப்பலில் இருக்கும் ஆயிரக்கணக்கான கம்பிகளில் அது ஒன்று. புலனத்திலும் முகநூலிலும் முதல் இரண்டு மணி நேரத்தில் சொல்லப்பட்டவற்றில் இந்தக் கம்பி எங்குமே வரவில்லை.

அந்தக் கம்பியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கப்பலின் மின்பலகையில் ஒவ்வொரு கம்பிக்கும் எண் எழுதிய சின்னப் பட்டை ஒன்று மாட்டுவார்கள். பழுது பார்க்கும்போது எது எங்கே போகிறது என்று தெரிவதற்காக. கம்பியின் நுனி, ஸ்பிரிங் கவ்விப் பிடிக்கும் ஒரு துளைக்குள் போக வேண்டும். எண் பட்டை நுனிக்கு மிக அருகே மாட்டப்பட்டால், கம்பியைத் தள்ளும்போது பட்டை துளையின் வாயில் இடித்து நின்றுவிடும். நுனி பாதிதான் உள்ளே போயிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சரியாகத்தான் தெரியும், மின்சாரமும் ஓடும். ஆனால் ஸ்பிரிங்கின் பிடி முழுசாக இருக்காது. பெரிய டீசல் என்ஜின் ஓடும் கப்பலில் அதிர்வு ஓய்வதே இல்லை. டாலி 2015இல் கட்டப்பட்ட கப்பல். அந்தப் பிடி தளர்ந்தது, 2024 மார்ச் 26 அதிகாலையில் தொடர்பு விட்டது.

அந்தக் கம்பி விளக்குக்கோ மோட்டாருக்கோ நேரடியாக மின்சாரம் கொண்டுபோகும் தடித்த கம்பி இல்லை. ஒரு பெரிய பிரேக்கரை மூடிய நிலையில் பிடித்து வைத்திருக்கும் சுற்றில் உள்ள சமிக்ஞைக் கம்பி. அந்தச் சமிக்ஞை போனால் பிரேக்கர் தானே திறந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். டாலியின் மின்னாக்கிகள் 6,600 வோல்ட் தரும். அதை மின்மாற்றி ஒன்று 440 வோல்ட்டாகக் குறைத்து, பம்புகள், சுக்கான் இயந்திரம், விளக்குகள் எல்லாவற்றுக்கும் அனுப்பும். திறந்துகொண்டது அந்த மின்மாற்றியின் பிரேக்கர். ஆகவே முதலில் மின்னாக்கிகள் நிற்கவில்லை, ஓடிக்கொண்டேதான் இருந்தன. உங்கள் ஊர் எண்ணெய் ஆலையில் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். பாய்லரில் நீராவி இருக்கும், டர்பைன் சுற்றும். மெயின் பிரேக்கர் விழுந்தால் பம்பு, கன்வேயர், விளக்கு அத்தனையும் நின்றுபோகும். ஆலையில் அப்படி நின்றால் பழம் தேங்கும், அரை நாள் வேலை கெடும். டாலி 8 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு பாலத்துக்கு மூன்று நான்கு கப்பல் நீளத் தூரத்தில் இருந்தது.

மின்சாரம் போனதும் கப்பலை நகர்த்தும் முதன்மை என்ஜினும் நின்றது. அது டீசலில் ஓடும் என்ஜின், மின்சாரம் போனால் ஏன் நிற்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதைக் குளிர்விக்கும் தண்ணீரைத் தள்ளும் பம்பு மின்சாரத்தில் ஓடுகிறது. தண்ணீர் அழுத்தம் விழுந்தால் என்ஜின் உருகிப் போகாமல் இருக்கத் தானாகவே நின்றுகொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். இந்த வகைக் கப்பலுக்கு ஒரே என்ஜின், ஒரே உந்துவிசிறி. இரண்டும் நேராக இணைந்திருக்கும், நடுவில் கியர் கிடையாது. நின்ற என்ஜினை மறுபடி கிளப்ப, துணைப் பம்புகள் ஒவ்வொன்றாக உயிர் பெற வேண்டும், அழுத்தக் காற்று கொடுத்து என்ஜினைச் சுழற்ற வேண்டும். காடியின் (காரின்) சாவியைத் திருகுவது போன்ற வேலை இல்லை. மோதும்வரை அந்த என்ஜின் கிளம்பவே இல்லை.

சுக்கான் தனிக் கதை. அதைத் திருப்பும் எண்ணெய்ப் பம்புகளுக்கும் மின்சாரம் வேண்டும். அவசர மின்னாக்கி 45 நொடிக்குள் மின்சாரம் தர வேண்டும் என்பது அனைத்துலகக் கடல் பாதுகாப்பு விதி. அது தரும் மின்சாரத்தில் சுக்கான் மெதுவாகத் திரும்பும். திரும்பினாலும் பலன் குறைவு, ஏனென்றால் சுக்கானுக்கு வலுவே உந்துவிசிறி பின்னால் தள்ளும் தண்ணீர் அதன்மேல் மோதுவதுதான். விசிறி நின்ற கப்பலில் சுக்கான், துடுப்பு போடாத படகின் பின்பலகை மாதிரி. கப்பல் வலப்பக்கம் விலகத் தொடங்கியதும் அதைத் திருப்பிப் பிடிக்கப் போதுமான விசை யாரிடமும் இல்லை.

நேரத்தை அடுக்கிப் பார்த்தால் மிச்சமும் தெளியும். கொழும்புக்குப் போகும் டாலி நள்ளிரவு தாண்டி 12:39க்குத் துறையை விட்டது. துறையிலிருந்து விலக உதவிய இழுவைப் படகுகள் வழக்கப்படி திரும்பிவிட்டன. பாலம்வரை கூட வர வேண்டும் என்று அங்கே அப்போது விதி இல்லை. 1:24:59க்கு எச்சரிக்கை மணிகள் அடித்தன. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பணியாளர்கள் பிரேக்கர்களைக் கையால் மூடி மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். மின்மாற்றி மாற்றம் தானியங்கி நிலையில் விடப்பட்டிருந்தால் மற்றொரு மின்மாற்றி சில நொடியில் பொறுப்பேற்றிருக்கும். அது கைமுறை நிலையில் இருந்தது. 1:26:39க்கு, கப்பலுக்கு வழிகாட்ட ஏறியிருந்த துறைமுகப் பைலட் இழுவைப் படகுகளை வானொலியில் அழைத்தார். 1:27:04க்கு இடப்பக்க நங்கூரத்தைப் போடச் சொன்னார். 1:27:25க்கு மின்சாரம் முழுவதும் போய்விட்டது, பாலத்தை நோக்கி வருகிறோம் என்று அறிவித்தார். 1:29:33க்கு மோதல் சத்தம் பதிவானது. ஆறு நொடி கழித்துப் பாலம் விழுந்துவிட்டது என்று பைலட்டின் குரல்.

இதற்கு நடுவே மின்சாரம் இரண்டாம் முறை போனது. இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இது தளர்ந்த கம்பியின் கைவரிசை அல்ல. மின்னாக்கிகளுக்கு எரிபொருள் ஊட்ட அதற்கென்று உள்ள பம்பை விட்டுவிட்டு, குழாய்களைக் கழுவப் பயன்படும் பம்பை வாடிக்கையாக ஓட்டியிருக்கிறார்கள். சரியான பம்பு மின்சாரம் வந்ததும் தானே கிளம்பும். கழுவும் பம்பு கிளம்பாது, யாராவது போய்க் கையால் முடுக்க வேண்டும். முதல் தடவை மின்சாரம் போனபோது அது நின்றது, நின்றபடியே கிடந்தது. குழாயில் மிச்சமிருந்த எரிபொருளில் மின்னாக்கிகள் கொஞ்ச நேரம் மூச்சுப் பிடித்து ஓடி, பிறகு அடங்கின. முதல் கோளாறு கண்ணுக்குத் தப்பக்கூடியது. இரண்டாவது, கரையில் உட்கார்ந்து கப்பலை நிர்வகிப்பவர்கள் கண்காணித்திருக்க வேண்டியது, விசாரணை வாரியமும் அப்படித்தான் சொன்னது. கப்பலின் உரிமையாளரான கிரேஸ் ஓஷன், நிர்வாகம் பார்த்த சினெர்ஜி இரண்டும் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் ஏறக்குறைய 10 கோடியே 20 லட்சம் டாலர் கட்ட 2024 அக்டோபரில் ஒப்புக்கொண்டன.

இனி உங்கள் குழுவில் சுற்றும் காணொளிக்கு வருவோம். அப்படிச் சுற்றுபவை பல ஓட்ட வேகத்தைக் கூட்டி வெட்டியவை. மணி அடித்ததிலிருந்து மோதல்வரை நாலரை நிமிடம். அதை அரை நிமிடமாகச் சுருக்கினால், நூறாயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள, 300 மீட்டர் நீளக் கப்பல் மோட்டார் சைக்கிள் போல வளைந்து திரும்புவதாகத்தான் தெரியும். உண்மை வேகத்தில் பார்த்தால் அது திரும்பவில்லை, நழுவுகிறது. விளக்கு அணைந்து எரிந்தது இரண்டு மின்தடைகளின் அடையாளம். புகைபோக்கியிலிருந்து கரும்புகை வந்ததைக் குண்டு என்றார்கள். பளு திடீரென்று ஏறும்போது டீசல் என்ஜின் கக்கும் புகை எப்படி இருக்கும் என்று மேட்டில் ஏறும் பழைய லாரியின் பின்னால் போனவர்களுக்குத் தெரியும். பாலம் வெடிவைத்துத் தகர்த்தது போல ஒரே நேரத்தில் விழுந்தது என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. 1977இல் திறந்த அந்தப் பாலத்தின் நடுப்பகுதி, தூண்கள்மேல் தொடர்ச்சியாகப் படுத்திருந்த ஒரே இரும்புச் சட்டகம். தூண்களுக்கு நடுவே மிக நீண்ட இடைவெளி 366 மீட்டர். 17ஆம் எண் தூண் போனதும், தாங்கும் வேறு வழி அந்தச் சட்டகத்துக்கு இல்லை. ஒரு பக்கம் தொங்கியதும் அடுத்த பக்கம் தூக்கிக்கொண்டு சரிந்தது. அன்றைக்கே வேண்டுமென்று செய்ததற்கான தடயம் எதுவும் இல்லை என்று எஃப்பிஐ சொல்லிவிட்டது.

விவரம் அறிந்தவர்களின் ஊகங்களும் தவறின, இதை ஒளிக்கக் கூடாது. எரிபொருள் அசுத்தமாக இருந்திருக்கும் என்று அனுபவமுள்ள கப்பல்காரர்களே சொன்னார்கள். மாதிரி எடுத்துச் சோதித்தார்கள், தரத்தில் குறை இல்லை. என்ஜினைப் பின்னோக்கி ஓட்டியதால்தான் முனை வலப்பக்கம் இழுத்தது என்றார்கள், ஒற்றை விசிறிக் கப்பலில் அப்படி இழுப்பது உண்மைதான். ஆனால் என்ஜின் ஓடவே இல்லை. முந்தின நாள் துறையில் நின்றபோதே இரண்டு முறை மின்சாரம் போனது தெரிந்ததும், அதுதான் இது என்று முடிவு கட்டினார்கள். முதலாவது, பராமரிப்பின்போது புகைபோக்குப் பாதையின் மடல் ஒன்றைத் தவறி மூடியதால் வந்தது. அடுத்தது மின்னாக்கிக்குப் போன எரிபொருள் அழுத்தம் குறைந்ததால். பாலத்தருகே திறந்துகொண்ட பிரேக்கர் வேறு. ஓர் ஊகம் அறிவுக்குப் பொருந்துகிறது என்பது வேறு, அன்றிரவு நடந்தது அதுதான் என்பது வேறு.

இந்தியப் பணியாளர்கள் விஷயத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. கப்பலில் 21 பணியாளர்கள், 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். அவர்களைக் கேலி செய்து கேலிச்சித்திரம் போட்டார்கள், இங்கே நம்மவர்களே அதைப் பகிர்ந்தார்கள். துறைமுக வாய்க்காலில் எந்த நாட்டுக் கப்பலாக இருந்தாலும் வழிகாட்டுவது உள்ளூர்ப் பைலட். அன்றிரவு கட்டளை கொடுத்தவர் பால்டிமோர் இருக்கும் மேரிலாந்து மாநிலத்துப் பைலட், கூடப் பயிற்சியில் ஒருவர். அவர்களும் கப்பலின் பணியாளர்களும் செய்யக்கூடியதைச் செய்தார்கள், பாலத்துக்கு அத்தனை அருகில் விசை போனதால் பலிக்கவில்லை என்பதே வாரியத்தின் கணிப்பு. நங்கூரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். நங்கூரம் ஏறக்குறைய நின்றுவிட்ட கப்பலைப் பிடித்து வைக்கும் கருவி. ஓடும் கப்பலில் போட்டால் சேற்றைக் கிழித்துக்கொண்டு கூடவே வரும். மோதிய பிறகு அந்தப் பணியாளர்கள் வாரக்கணக்கில், பாலத்தின் இரும்பு முனைமேல் கிடக்க, அதே கப்பலில்தான் இருந்தார்கள். மே 13 அன்று இரும்பை வெடிவைத்து அறுத்தபோதும் அவர்கள் உள்ளேதான். மே 20 அன்றுதான் கப்பலை மிதக்க வைத்துத் துறைக்கு இழுத்துப் போனார்கள்.

அக்கா மகன் போகட்டும், அண்ணா. மலாக்காவில் கோலசுங்கை பாருவில் இருக்கும் மலேசியக் கடல்சார் அகாடமி போன்ற இடங்களில் இந்த விபத்தை வைத்தே பாடம் எடுக்கலாம், அவ்வளவு இருக்கிறது இதில். அவன் மின்பலகை முன்னால் நிற்கும் நாளில் கை பழக வேண்டிய வேலை இது. மின்சாரம் துண்டித்து, பூட்டுப் போட்டு, மீட்டர் வைத்துச் சுழியம் என்று உறுதி செய்த பிறகு, ஒவ்வொரு கம்பியையும் இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். வந்துவிட்டால் பிடி இல்லை. எண் பட்டை துளையின் வாயை ஒட்டியிருந்தால் கம்பியை வெளியே எடுத்து, பட்டையைப் பின்னுக்குத் தள்ளி, மறுபடி செருக வேண்டும். பலகை பளுவில் ஓடும்போது வெப்பப் படக் கருவியால் பார்த்தால் தளர்ந்த இணைப்புகள் பல சூடாகத் தெரியும். மின்சாரம் போய்த் திரும்பினால் எந்தப் பம்பு தானே கிளம்பும், எதைக் கையால் முடுக்க வேண்டும் என்ற பட்டியலைக் கப்பல் ஏறிய முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கட்டும். தானே கிளம்பாத பம்பு ஒன்று மின்னாக்கிக்கு எரிபொருள் ஊட்டுவதைக் கண்டால், அதை எழுத்தில் தலைமை என்ஜினியருக்குக் கொடுக்கட்டும்.

நம் பாலங்களுக்கு வருகிறேன். 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலத்தில் கப்பல் போகும் இடத்தின் உயரம் 30 மீட்டர். பால்டிமோர் பாலத்தின் அடியில் 56 மீட்டர் இருந்தது. டாலி அளவுக் கப்பல் நம் பாலத்தின் அடியில் நுழையவே முடியாது. பட்டர்வொர்த் கொள்கலன் முனையம் இரண்டு பாலங்களுக்கும் வடக்கே இருக்கிறது, அங்கே வரும் பெரிய கப்பல்கள் வடக்கு வாய்க்கால் வழியாக வருகின்றன. பாலத்தின் நீளத்தில் பெரும்பகுதி ஆழமில்லாத இடத்தில் நிற்கிறது. ஆழம் இல்லாத இடத்தில் பெரிய கப்பல் தூணை எட்டுமுன் சேற்றில் தட்டி நின்றுவிடும். ஆகவே பால்டிமோரில் நடந்த அதே காட்சி இங்கே வராது. அடியில் போகும் சிறிய கப்பல்கள், தோணிகள் விஷயத்தில் கவனம் வேண்டியதுதான். 2013 ஜூன் 6 அன்று பத்து மாவுங் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஏறுபாதை சரிந்து ஒருவர் இறந்ததை இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அதில் கப்பலே இல்லை, இரண்டையும் பிரித்து வையுங்கள்.

மோதலின் பலத்தைக் கணக்குப் போட்டால், தூண் மட்டும் தாங்க வேண்டும் என்று கேட்பது சரியில்லை என்று புரியும். டாலி மோதும்போது 7 நாட்டுக்குச் சற்றுக் குறைவு, நொடிக்கு ஏறக்குறைய மூன்றரை மீட்டர், சைக்கிள் வேகம்தான். ஆனாலும் அந்த எடைக்கு அதில் இருந்த ஆற்றல், 40 டன் செம்பனை எண்ணெய் டாங்கி லாரிகள் 45க்கு மேல் மணிக்கு 90 கிலோமீட்டரில் ஒரே தூணில் ஒரே நொடியில் வந்து மோதுவதற்குச் சமம். இதைத் தூண் வாங்கக் கூடாது, தூணுக்கு முன்னால் வேறொன்று வாங்க வேண்டும். தூணைச் சுற்றிக் கற்குவியல் தீவு கட்டினால் கப்பல் அதில் ஏறி நின்றுவிடும். கான்கிரீட் நிரப்பிய பெரிய வட்டக் கட்டைகளை எட்ட நட்டால் கப்பல் திசைமாறும். 1980 மே 9 அன்று ஃபுளோரிடாவில் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தைக் கப்பல் இடித்து 35 பேர் இறந்த பிறகு, புதிதாகக் கட்டிய பாலத்துக்கு இவ்விரண்டையும் செய்தார்கள். பால்டிமோர் பாலத்துக்கு இருந்தவை நாலே நாலு சிறு கட்டைகள், சாய்வாக வந்த கப்பலை அவை தடுக்கவில்லை. பழைய பாலங்களையும் ஆபத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று அமெரிக்க நெடுஞ்சாலை அமைப்புகளின் சங்கம் 1991இலேயே வழிகாட்டியது. அங்கே அந்தக் கணக்கு போடப்படவில்லை. விபத்துக்குப் பிறகு போட்டபோது, முக்கியப் பாலத்துக்கு அனுமதிக்கும் ஆபத்து அளவைப்போல ஏறக்குறைய 30 மடங்கு வந்தது.

பணம் அதிகம் கேட்காத வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் 1975 ஜனவரி 5 அன்று ஒரு சரக்குக் கப்பல் டாஸ்மன் பாலத்தை இடித்தது. கப்பலில் ஏழு பேர், காடிகளில் ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு பெரிய கப்பல் அடியில் கடக்கும்போது மேலே போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள்.

பால்டிமோரில் பைலட்டின் எச்சரிக்கை போய்ச் சேர்ந்ததும் காவலர்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார்கள். அதனால்தான் அந்த நேரத்தில் பாலத்தில் ஒரு காடிகூட ஓடவில்லை. ஆனால் பாலத்தின் நடுவில் சாலைப் பள்ளங்களை அடைக்கும் வேலையில் இருந்த எட்டுப் பேருக்கு அந்தச் செய்தி போகவில்லை. ஆறு பேர் இறந்தார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். காவலர்களுக்குச் சொன்ன அதே நேரத்தில் அவர்களுக்கும் சொல்லியிருந்தால், விழாத பகுதிக்கு வண்டியை ஓட்டிப் போக ஒன்றரை நிமிடம் அளவுக்கு நேரம் இருந்திருக்கலாம் என்று வாரியம் சொல்கிறது. உங்கள் தோட்டத்திலிருந்து ராத்திரி நேரக் குத்தகை வேலைக்குப் பாலத்துக்கோ நெடுஞ்சாலைக்கோ போகும் பையன்கள் இருந்தால், கட்டுப்பாட்டு அறையிலிருந்து நேராக அழைக்கும் வாக்கி டாக்கி குழுவில் யார் இடுப்பில் இருக்கிறது என்று வேலை தொடங்குமுன் மேற்பார்வையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள்.